புதன்கிழமை மூச்சு

காலை ஏழரைக்கு,
தேத்தண்ணி ஆறமுதல்,
முப்பத்தெட்டுப் பேருடைய நித்திரை
என் மேசைக்கு வந்து சேரும்.

ஆட்கள் வருவதில்லை.
வாகரையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் பஸ் ஏறி
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாங்கில் அரை நாள் காத்திருந்து
“நல்லா நித்திரை வருகுது மிசி” என்று
ஒரு பொய்யைச் சொல்லிப் போன காலம் முடிந்தது.
இப்போது மெஷின் சொல்கிறது:
முகமூடி எத்தனை மணிக்குக் கழன்றது,
எந்தப் பக்கத்தால் காற்று ஒழுகியது,
மூச்சு எத்தனை தரம் நின்று
பிறகு மனம் மாறியதுபோலத் திரும்பி வந்தது.
பக்கத்தில் படுப்பவருக்கும் தெரியாத கணக்கு.

வாகரை வாத்தியார் மூன்று மணிக்கு அதைக் கழற்றி எறிகிறார்.
ஆரையம்பதியில் கரண்ட் போன இரவுகள்
வெறும் வெள்ளையாய்க் கிடக்கும்.

சம்மாந்துறை மீராலெவ்வைதான் என் நல்ல பிள்ளை.
அரிசி ஆலையில் மூட்டை எண்ணுகிறவர்.
முதல் சோதனையில்
மணிக்கு நாற்பத்தொரு தரம் நின்ற மூச்சு.
மெஷின் போன நாளிலிருந்து
ஆறு மணித்தியாலம், ஆறேகால், ஆறு.
அழுத்தம் பதின்மூன்று.
தவறியதேயில்லை.

மாசியில்தான் தொடங்கியது.
செவ்வாயும் புதனும்
அழுத்தம் ஒன்பதுக்கு இறங்கும்.
வியாழன் திரும்பப் பதின்மூன்று.
மெலிந்துவிட்டாரோ என்று பார்த்தேன்.
வாரத்தில் இரண்டு நாள் மட்டும் யார் மெலிவார்?

கோட்டைப் பெரிதாக்கினேன்.
மீராலெவ்வையின் மூச்சை எனக்குத் தெரியும்.
ஏறி, ஏறி, ஒரு முடிச்சு,
பிறகு நீளமாய் ஒரு இறக்கம்.
இது அதுவல்ல.
குறுகலாய், அவசரமாய்,
கியர் மாற்றுகிற மூச்சு.

வியாழன் காலை வீடியோவில் எடுத்தேன்.
முதலில் ஒரு ஃபேன் தெரிந்தது,
பிறகு அரைவாசிக் காது.
“சிக்னல் இல்ல மிசி, இரிங்க” என்று
கிணற்றடிக்கு நடந்தார்.
படம் உறைந்து, சில்லுச் சில்லாய் உடைந்து,
ஒருவழியாய் முகமாயிற்று.

கன்னத்தைக் காட்டுங்கள் என்றேன்,
மாஸ்க் இறுக்குதோ என்று பார்க்கத்தான்.
இடமும் வலமும் காட்டினார்.
ஒரு கோடு இல்லை.
அவருக்குப் பின்னால்
வாளிக்குள் குனிந்து முகம் கழுவிய ஒருவன்
நிமிர்ந்தான்.
மூக்குத்தண்டில் சிவந்த முக்கோணம்.
இரண்டு கன்னத்திலும் வாரின் தடம்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
லைன் அறுந்ததென்று நினைத்தேன்.
அறவில்லை. தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“என்ட மச்சான் மிசி. றிபாய்தீன்.
வியாழக்கிழம அரிசி ஏத்திப் போறவன், கொழும்புக்கு.
போன மாசம் மகியங்கனை வளைவில கண் சொருகி
லொறி மண்ணில ஏறி நிண்டிரிக்கி.
மெஷின் விலை உங்களுக்குத் தெரியும்தானே.
நான் தூங்கி விழுந்தா
மூட்டைக் கணக்குப் பிழைக்கும், அவ்வளவுதான்.
அவன் விழுந்தா...”

சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னேன்.
ஒரு மெஷின் ஒரு ஆளுக்கு. கிருமி. சட்டம்.
உங்கள் இருதயம் உங்களுக்குப் பகிடியா?
இரண்டு பேரும் வகுப்பில் பிடிபட்ட பொடியன்கள்போல்
தலையாட்டினார்கள்.
றிபாய்தீனுடைய பெயரைச் சோதனைப் பட்டியலில் போட்டேன்.
கிடைத்த திகதி ஆவணியில்.
டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கி
“நோயாளி” என்று எழுதி
ஒருமையா பன்மையா என்று நின்றுவிட்டேன்.
பின்னேரம் தபாலில்
ஒரு புது மாஸ்க் போட்டேன், நடுத்தர அளவு.
அதற்கு எவரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அடுத்த வியாழன், ஏழரை.
புதனுக்கு நேரே ஒன்பது.
ஒழுக்கு இல்லை. மாஸ்க் நல்லாய்ப் பொருந்துகிறது.

அதே புதன் இரவு
சம்மாந்துறையில் இன்னொரு பாயில்
மீராலெவ்வையின் மூச்சு
மணிக்கு நாற்பத்தொரு தரம் நின்றிருக்கும்,
நாற்பத்தொரு தரமும் திரும்பியிருக்கும்.
இருக்கும் என்றுதான் எழுதலாம்.
அதற்கு என்னிடம் கோடு இல்லை.