தேதி தபாலில் வரும்

செகண்ட் லைன் பீச்சில் என் அத்தோ வண்டி.
அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்கு
நடந்தால் நாலு நிமிஷம்,
சிக்னல் விழுந்தால் ஆறு.
என் மனு உள்ளே போய்
இது அஞ்சாவது வருஷம்.

அந்தப் பிரிவு எழுத்தர் மகிமைதாஸ்
சாயங்காலமானால் என்னிடம்தான் சாப்பிடுவார்.
காரம் கம்மி, பேஜோ தூக்கலாக.
வாழைத்தண்டு சூப் இரண்டாம் கிண்ணத்துக்குக் காசில்லை.
எல்லாருக்கும்தான். அவருக்கென்று இல்லை.

சார், என் தேதி?

வாய் நிறைய நூடுல்ஸ். கண்ணை மட்டும் தூக்குவார்.
தபால்ல வரும்மா. வாயால சொல்லக் கூடாது.

வந்தது.
வியாசர்பாடி பி.வி. காலனி வீட்டில்
கரண்ட் அட்டைக்கும் சீட்டுக் கம்பெனி நோட்டீசுக்கும் நடுவே
கதவிடுக்கில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு.
நேர்காணல் மாலை நாலு மணி.
நாலு மணிக்குத்தான் நான் கோஸ் அரிவேன்.
அன்றைக்கு வீட்டுக்காரர் வண்டியில் நின்றார்,
பூண்டு எண்ணெயைக் கருக்கினார்,
பழைய வாடிக்கை இரண்டு பேரை இழந்தோம்.

இந்திய மொழி ஏதாவது தெரியுமா என்று
தமிழில் கேட்டார்கள்.
தமிழ் தெரியும் என்று தமிழில் சொன்னேன்.
எழுதிக் காட்டச் சொன்னார்கள்.
மோல்மேனில் வீட்டுக்குள் தமிழ் பேசினோம்,
சிலேட்டில் எழுதியதெல்லாம் வட்ட வட்டமாய் பர்மா எழுத்து.
இந்த ஊருக்கு வந்து நான் எழுதக் கற்றது ஒரே ஒரு பலகை.
அதையே எழுதினேன்:
அத்தோ 70
மொய்ங்கா 60
முட்டை மசாலா 25
கடன் கேட்காதீர்.

அதிகாரி சிரிக்கவில்லை.
மொய்ங்காவுக்கு எந்த 'ங்' என்று
பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

உறுதிமொழிக்கு முதல் தேதி கார்த்திகையில்.
கொசஸ்தலை ஆறு கரையேறியது,
ஆபீசே எண்ணூருக்குப் போய்
இடுப்பளவு தண்ணீரில் நின்றது.
இரண்டாம் தேதியைத் தேர்தல் தின்றது.
மூன்றாவதற்கு போன் வந்தபோது
கை முழுக்கப் புளித்தண்ணீர்.
தோளால் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு
சரிங்க, சரிங்க என்றேன்,
பதினேழா இருபத்தேழா என்பது காதில் விழவில்லை.
எதிரே பென்ச்சில்தான் மகிமைதாஸ்.
கேட்டேன்.
அவர் கோஸைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார்.
தபால்ல வரும்மா.

அதற்கென்று தைத்த ஜாக்கெட்
இதற்குள் கையில் இறுகிவிட்டது.

ஆறு பேர் நின்றோம்.
கொழும்பு அக்கா தங்கை இரண்டு பேர்,
பினாங்குக் கிழவர் ஒருவர், மற்றவர்களைத் தெரியாது.
அதிகாரி வாசிக்க, நாங்கள் பின்னால்.
பெயர் வரும் இடத்தில் மட்டும்
ஆறு குரலும் ஆறு பக்கம் போயின.
வியாசர்பாடிக்கு நான் அலமேல்.
பாஸ்போர்ட்டுக்கு தின் தின் ஏ.
விமான நிலையக் கவுண்டருக்குப் பிறகு
அந்தப் பெயரை என் வாய் சொன்னதே இல்லை,
மகளுக்குக்கூடத் தெரியாது.
"தின் தின் ஏ என்கிற அலமேல்" என்றேன்.
"என்கிற" படிவத்தில் இல்லையாம்.
எல்லாரும் நிறுத்தினார்கள்.
மறுபடி முதலிலிருந்து.
இந்த முறை சரியாகச் சொன்னேன்,
வகுப்பில் ஆஜர் சொல்கிறவளைப் போல
கையும் தானாக மேலே போனது.
கிழவர் என் கையைப் பார்த்துத் தானும் தூக்கினார்.

ஆறரைக்கு வண்டியைத் திறந்தேன்.
ஜாக்கெட்டின் ஒரு தையல் போயிருந்தது.
மகிமைதாஸ் வந்து உட்கார்ந்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்,
சான்றிதழ் தபால்ல வரும்மா.

மிளகாய்த் தூளை
கண்ணளவில் போட்டேன்.
தட்டில் பாதி தாண்டுவதற்குள்
தண்ணீர் கேட்டார்.