கொரொம், ஆஸ்தே

மே பதினொன்று. வெளியே நாற்பத்தி இரண்டு.
வேலூர் காந்தி ரோட்டு மாடிக்கடையில்
தகரத்துக்குக் கீழே நானும் என் ஸ்க்ரூடிரைவர்களும்.
சிவப்பு மையில் 214 என்று எழுதிய லாட்ஜ் பையிலிருந்து
லேப்டாப்பை எடுத்து வைக்கிறான்.
பில்லுக்குப் பெயர்: நிலாத்ரி மஹாதோ, பாங்குரா.
அவனுக்குத் தமிழ் தெரியாது. என் வங்காளம்
கஸ்டமர்களிடம் வாங்கிய கைமாற்று,
இன்னும் அடைபடாதது.
"தீதி, கொரொம்" என்கிறான். சூடாம்.
"ஆஸ்தே, கூப் ஆஸ்தே." மெதுவாம், ரொம்ப மெதுவாம்.
இந்த இரண்டு சொல் போதும், கடை நடக்கும்.

வைரஸ்தானே என்று கையை விரித்தான்.
எல்லோருக்கும் வைரஸ் மேல்தான் சந்தேகம்,
வெளியாள் மேல் பழி போடுவது சுலபம்.
பார்த்தேன். இல்லை.
டிஸ்க் நலம். மெமரி பாதி காலி.
வேலை கொடுக்காமல் சும்மா விட்டேன்: எழுபத்தொன்று.
ஒரு வீடியோ ஓட்டினேன்: எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று,
தொண்ணூற்றேழில்
வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொண்டது.
கெட்டுப்போய் அல்ல,
எரிந்துவிடாமல் இருக்க.
விசிறி மட்டும் கத்திக்கொண்டிருந்தது
காட்பாடி மேம்பாலத்தில் முதல் கியரில் ஏறும் லாரி மாதிரி.

பதினொரு ஸ்க்ரூ. ஒன்றுக்குத் தலை மழுங்கியிருந்தது,
யாரோ காய் நறுக்கும் கத்தியால் திருகிப் பார்த்திருக்கிறார்கள்.
மூடியைத் தூக்கியதும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது:
கடுகெண்ணெய்.

தூசு என்றால் ஊதினால் போகும்.
ஆம்பூர் ஷூ கம்பெனிக் கணக்கர் கொண்டுவருவதில் தோல்தூள்,
தட்டினால் உதிரும்.
குடியாத்தத்து லேப்டாப்பில் தறிப்பஞ்சு,
இடுக்கியால் இழுத்தால் ஒரே சுருளாக வந்துவிடும்.
இது ஒட்டும். செப்புக்குழாய் முனையில்
சீப்புப் பற்களாய் நெருங்கிய தகடுகளுக்கிடையே
பழுப்பாய், பிசினாய், காற்றுக்கு வழிவிடாமல்
எத்தனையோ ராத்திரி மீன் பொரித்த புகை.

"ரான்னா?" என்றேன். சமையலா?
தலையசைத்தான். பிறகு விரல்களால் அறையை வரைந்தான்.
ஒரு கட்டில், அதில் அப்பா.
ஒரு மேசை. பாதியில் வாடகை அடுப்பு,
பாதியில் இது.
அப்பாவுக்கு வேறு சோறு இறங்குவதில்லை.
அவர் தூங்கிய பிறகுதான் இவனுக்குக் கம்பெனி வேலை.

அடுப்படியில் வைக்காதீர்கள், காற்றோட்டமாய் வையுங்கள்:
நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லும் புத்திமதி
தொண்டைவரை வந்து
திரும்பிப் போனது.

ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்தேன்.
பழைய பேஸ்ட் சுண்ணாம்பாய்ப் பொடிந்தது.
சுரண்டித் துடைத்து ஒரு பச்சரிசி அளவு புதிது.
முழு வேகத்துக்குப் போகாதபடி எண்பதில் ஒரு தடை:
கொஞ்சம் மெதுவாகவே போகட்டும், நடுவில் அணையாமல்.

எழுபத்தொன்று ஐம்பத்தெட்டானது.
இன்னும் குறையாதா என்றான்.
அறை எவ்வளவு சூடோ அதற்குக் கீழே
எந்த விசிறியாலும் இறக்க முடியாது;
இதைச் சொல்லும் அளவு வங்காளம் என்னிடம் இல்லை.
மேலே தகரத்தைக் காட்டினேன். அவனும் பார்த்தான்.

எத்தனை நாள் தாங்கும்?
இந்த ஊரில் எல்லாக் கவுண்டரிலும் கேட்கிற கேள்வி.
பதிலும் ஊரிலிருந்தே எனக்குத் தொற்றியிருந்தது:
மூணு வாரம் கழிச்சு ரிவ்யூ.
சிரித்துவிட்டான்.
பில்லில் ஐம்பது ரூபாய் குறைத்தேன்.

மூன்று வாரம் போனது. வரவில்லை.
நன்றாக ஓடுகிறது என்றால் யார் வருவார்கள்,
அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆடிக்காற்றில் தகரம் படபடத்த ஒரு மத்தியானம்
அதே பை, சிவப்பு மையில் 214.
தூக்கி வந்தவள் வேறு. அகர்தலாவாம்.
லேப்டாப்பும் வேறு.
முன்னால் இருந்தவர்கள் ஊருக்குப் போனார்களா என்று கேட்க
இந்த முறை என்னிடம் வார்த்தை இருந்தது.
கேட்கவில்லை.
மூடியைத் திறக்குமுன்பே வாசனை வந்துவிட்டது.
"தீதி, கொரொம்" என்று ஆரம்பித்தாள்.
நான் முதல் ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.