ஊக்கு

ரங்கூனில் முப்பத்தெட்டாம் தெரு முனையில்
என் மேசை. அதன்மேல் மூன்று போன்.
ஒன்று சிவப்பு, இரண்டு பழுப்பு.
பழுப்பு, பஸ் புகை கொடுத்த நிறம்.

நிமிஷத்துக்கு நூறு சாட்.
கடிகாரம் ஒன்று உண்டு, பேருக்கு.
பேசுகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
மோல்மீனுக்குக் கடன் கேட்டுப் பேசுகிறவர்
ஐம்பத்தெட்டாவது நொடியில் வைத்துவிடுவார்.
காதலிக்கிற பையனுக்கு
நூறு சாட் ஒரு பொருட்டே இல்லை,
மாதக் கடைசி வரைக்கும்.

அந்த ஆகஸ்டில் சிம் அட்டை விலை விழுந்தது.
மாங்காய் விழுகிற மாதிரியா விழுந்தது?
மரமே விழுந்தது.
முன்பெல்லாம் ஒரு சிம் வாங்க
இரண்டு எருமையை விற்கணும்.
இப்போது ஆயிரத்து ஐநூறு சாட்,
இரண்டு பேர் மொஹிங்கா தின்று டீ குடிக்கிற காசு.

செவ்வாய்க்கிழமை நாற்பது அழைப்பு.
வெள்ளிக்கிழமை ஒன்பது.
அடுத்த செவ்வாய் ஒரே ஒருவர் வந்தார்.
புதுப் போனை எங்கே வைத்தோமென்று தெரியவில்லை,
அதைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.
அவர் சட்டைப் பையிலேயே மணி அடித்தது.
எடுக்காத அழைப்புக்கு எப்படிக் காசு கேட்பது?

கொழுந்தன் இருளப்பன் குடையோடு வந்து நின்றான்.
"போன் செத்துப்போச்சு அண்ணி, கடையைச் சாத்துங்க."
நடைபாதைக்கு ஏதடா கதவு, சாத்துறதுக்கு?
சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு வந்தது.
சோறு எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நானே சிம் வரிசையில் போய் நின்றேன்.
என் சாப்பாட்டைக் கொண்டுபோனவன் முகத்தை
ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா.
மழை. இரண்டரை மணி நேரம்.
முன்னால் நின்ற கரென் பெண்ணுக்கு சிம் கிடைத்தது,
போன் வாய் திறக்கவில்லை.
நகத்தால் கிள்ளினாள், சாவியால் நெம்பினாள்,
கடைசியில் தூங்குகிற பிள்ளையைப் போல உலுக்கினாள்.
என் ரவிக்கையில் ஓர் ஊக்கு இருந்தது.
போனின் விலாவில் சின்ன ஓட்டை,
மூக்குத்திக்குக் குத்திய மாதிரி.
அழுத்தினேன். நாக்கை நீட்டியது.

அவ்வளவுதான்.
"அமா, இதையும்." "அமா, எனக்கும்."
அமா என்றால் பர்மியத்தில் அக்கா.
ஒரு மெய்யெழுத்து போனதில்
எனக்குப் பத்து வயது குறைந்தது.
வரிசை என் பக்கம் வளைந்தது.
என் முறை வந்தபோது நான் அங்கே இல்லை,
பதினேழாவது போனைக் குத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது மேசைமேல் ஊக்கு,
பெரிய சிம்மைச் சின்னதாக வெட்டித் தரக் கத்தரிக்கோல்,
ஆறு சார்ஜர்.
ரீசார்ஜ் அட்டைகள் பறக்காமலிருக்க
மேலே அந்தச் சிவப்பு போன்.
கனம் உள்ள எதுவும் வீணில்லை.

எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கயிறு தொங்கும்,
நுனியில் கிளிப், மேலே மணி.
செய்தித்தாள் ஏறும், சாவி இறங்கும்.
இத்தனை வருஷம் அதை நான் அண்ணாந்து பார்த்ததில்லை;
என் கம்பி வேறு, அவர்கள் கயிறு வேறு.
இப்போது மூன்றாம் மாடி கோ தெய்ன் தன் போனை இறக்குகிறார்,
மூச்சு பேச்சில்லாமல் வருகிறது, உயிர் ஏற்றி அனுப்புகிறேன்.
நான்காம் மாடிக்கு ஆயிரம் சாட் அட்டை ஏறுகிறது,
மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் முடிந்து.
ஐந்தாம் மாடி காசுக்குப் பதில்
இரண்டு முட்டை இறக்கியது.
உடைந்தது ஒன்றுதான்.

இருளப்பன் விடமாட்டான்.
"எல்லாரும் கத்துக்கிட்டா ஊக்கு எதுக்கு அண்ணி?"
நியாயம்தான்.
ஆறு மாசம் என்று கணக்கு வைத்திருக்கிறேன்,
மிஞ்சினால் எட்டு.
அதற்குள் இன்னொன்று விழும்.
வரிசை எங்கே நிற்கிறதென்று பார்த்து
அதன் வாலில் போய் நின்றால்
எது திறக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே
மேலே எங்கோ மணி.
எந்தக் கயிறு?
காற்றில் எல்லாம்தான் ஆடுகிறது.
அண்ணாந்து நிற்கிறேன்,
வாயில் மழை.