பத்தில் நான்காவது

பிப்ரவரி. மெர்பேங்க் வீட்டில்
சுவருக்கே வியர்க்கிறது.
கிளாரினெட்டுக்கு வாங்கிய புதுப் பெட்டியைப் பிரித்துப்
பத்து நாணல் ரீடுகளையும்
சமையல் மேடையில் பரப்பினேன்.
ஒவ்வொன்றாய் விளக்குக்கு எதிரே பிடித்து
நார் நேராக ஓடுகிறதா, நுனியின் நிழல்
இரு தோளிலும் சமமாக இறங்குகிறதா என்று
பார்த்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனது.
இன்று எங்கள் தெருவின் முறை.
மீதி ஆறைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
அதில் எல்லாமே அழகாய்த் தெரிந்தன.

முதல் நாள் ரீடுக்கு
மழையில் நனைந்த வைக்கோலின் ருசி.
ஐந்து நிமிடம், அதற்கு மேல் கூடாது.
கீழ் ஸ்தாயியில், மெல்ல, நீளமாக.
நன்றாக இருப்பதைத்தான்
முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும்.
கை கேட்காது, உதடு கேட்காது,
ஏழாவது இப்போதுதான் வாயைத் திறக்கிறது,
அதற்குள் அடுப்புக் கடிகாரம் அடிக்கிறது.
கண்ணாடித் துண்டின் மேல் உலர வைத்தேன்.
மறுநாள் பத்து நிமிடம்.
ஒன்பதாவதை ஜன்னலோரம் வைத்தது என் தப்பு.
குரங்கு தூக்கிப் போய்க் கூரையில் உட்கார்ந்து
கடித்துப் பார்த்துத் துப்பியது.
அதுவும் ஒரு தீர்ப்புதான்.

வாரக் கடைசியில் ஒவ்வொன்றின் முதுகிலும்
பென்சிலால் தமிழில் குறித்தேன்.
மொழிப் பற்று ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலி ரியான்
நல்லதாகப் பார்த்துக் கடன் கேட்பான்;
அவனால் இதைப் படிக்க முடியாது.
ஏழு: தங்கம். இரண்டு: பரவாயில்லை.
ஐந்து: கட்டை.
நான்கு: கொசு. வேண்டாம்.

ஜோஹன்னஸ்பர்க். ஏறத்தாழ ஆறாயிரம் அடி.
உதட்டை வெடிக்க வைக்கும் காற்று.
ஒத்திகையில் தங்கத்தைப் பொருத்தி ஊதினால்
மூச்சு மட்டும் வந்தது, சுரம் வரவில்லை;
வேலைக்கு வந்த இடத்தில்
வீட்டுக்குப் போகணும் என்று நிற்கிற ஆள் மாதிரி.
இரண்டைப் போட்டேன், விறைத்தது.
ஐந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
குழுவை நடத்துபவர் கோலைக் கீழே வைத்துவிட்டுக்
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கொசுவைப் போட்டேன்.

டர்பன் ஈரத்தில் தொய்ந்து கிடந்தது
இங்கே முதுகை நிமிர்த்தி
நான் நினைப்பதற்கு ஓர் இழை முன்னதாகவே
ஒலித்தது.
என்ன கம்பெனி என்று ரியான் கேட்டான்.
அதே பெட்டிதான் என்றேன். நம்பவில்லை.

கடலை நோக்கி இறங்கும் இரவுப் பேருந்தில்
‘வேண்டாம்’ என்பதை எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை, நாணல் குடித்துவிட்டிருந்தது.
அடியில் கொஞ்சம் இடம் இருந்தது.
பேருந்துக் குலுக்கலில் கோணல்மாணலாய் எழுதினேன்:
மேட்டில் வேண்டும்.