ஓர் எழுத்து

வியாழன் மாலை நான்கு மணிக்கு
பியானோ கடையின் மாடியில் கூடுவோம், ஐந்து பேர்.
கீழே யாராவது விலை கேட்டபடி
ஒரே கட்டையை மூன்று முறை தட்டிப் பார்ப்பார்கள்.
அதுதான் எங்களுக்குச் சுருதி.

ரோஸ்வித்தா பீர் ஆலைக்காரர் மகள்;
தேநீர்க் கெண்டியில் பீர் கொண்டுவருவாள்.
ஹெஸ்டர் லம்கின் காதலைப் பற்றிப் பதினான்கு வரி எழுதுவாள்,
காதலனைப் பற்றி வாய் திறக்கமாட்டாள்.
டபித்தா நூலகத்தில் வேலை. விரல்விட்டு அசை எண்ணுவாள்;
எங்காவது தட்டினால்
கெட்ட பால் குடித்ததுபோல் முகம் போகும்.
கடைசியில் வருவாள் ஆர்டீலியா ப்ரூயிட்,
சாய்வு ரயிலில் குன்றிறங்கி,
ஜூன் மாதத்திலும் கழுத்தில் கம்பளி சுற்றி.
திரும்பிப் போக அப்பாவின் வண்டி வந்து நிற்கும்.
ஐந்தரை என்றால் ஐந்தரை.

நான் ஒட்டிலி. எனக்குக் கவிதை வராது.
கையெழுத்து வரும்.

ஆகவே பத்திரிகை என் பொறுப்பு:
ஜெலட்டின் தட்டு, ஊதா மை,
ஒரு தாளை ஒற்றினால் முப்பது பிரதி.
முப்பதாவது, மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி இருக்கும்.
வெள்ளிக்கிழமை இறைச்சிக் கடையில் என் விரல்களைப் பார்த்து
"மல்பெரி பறித்தாயா?" என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

அந்த வசந்தத்தில் ஒஹாயோ ஆறு
சின்சினாட்டிக்குள் வந்தது.
அவள் அப்பாவின் கிடங்கில் இடுப்பளவு நீர்.
பெட்டி பிரிந்து காலணிகள் தெருவில் மிதந்தன,
எதுவும் ஜோடியாக இல்லை.

பத்து நாள் கழித்து எட்டு வரி கொடுத்தாள்,
ரசீதின் முதுகில், பென்சிலில்.
கடைசி வரி:
அழைப்பதை விட்டேன்; ஆறு உறங்குகிறது.

விளக்கில் எண்ணெய் குறைவு, தம்பிக்குக் காய்ச்சல்,
ஏதோ ஒன்று.
உ இருந்த இடத்தில் இ போட்டேன்.
ஆறு இறங்குகிறது.

வியாழன். பிரதிகள் கைமாறின.
ஆர்டீலியா படித்தாள். மறுபடி படித்தாள்.
டபித்தா எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள்.
நான் அப்போதே சொல்லியிருக்கலாம்.
அவள் என்னைப் பார்க்காமல்
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டிருந்தாள்.
ஐந்தரை ஆகிவிட்டது.

பிறகு நியூயார்க். ஒரு பதிப்பாளர், ஒரு கணவர்,
நீலத் துணி அட்டையில் மெலிந்த புத்தகம்.
விமர்சகர்கள் அந்த ஒரு சொல்லையே சுற்றிவந்தார்கள்:
துயரம் தூங்குவதில்லை, வடிகிறது என்று
இவளல்லவா கண்டுகொண்டாள்!
ஹெஸ்டர் அந்தத் துணுக்கை வெட்டி அனுப்பினாள்.
மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

பதினாறு ஆண்டுகள்.
ரோஸ்வித்தா வீட்டு ஆலையை மதுவிலக்கு மூடிற்று.
டபித்தாவை நிமோனியா கொண்டுபோனது.
இந்த நவம்பரில் ஆர்டீலியா வந்தாள்,
மகளிர் மன்ற அரங்கில் வாசிக்க.
கழுத்தில் இன்னமும் கம்பளி.
மூன்றாம் வரிசையில் நான்.

அந்தக் கவிதைக்கு வந்ததும் புத்தகத்தை மூடினாள்.
ஏழு வரி சொன்னாள். தண்ணீர் குடித்தாள்.
"ஆறு உறங்குகிறது" என்றாள்,
யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பக்கத்து இருக்கைப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.
பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைத்து,
விரலால் தொட்டுக் காட்டினாள்:
"பாருங்கள், இறங்குகிறது!
பாவம், தன் வரியே மறந்துவிட்டது."

"அச்சில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

கைதட்டல். நானும் தட்டினேன்,
கையுறையைக் கழற்றாமல்.