காற்று வாங்கும் கடை

மூன்றாம் நெடுஞ்சாலையில்
பெட்ரோல் பங்குக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே
என் டயர் கடை.
படகோனியாவில் அடிக்கிற காற்றுக்கு
லாரிக் கதவைத் திறந்தால் கீல் பிய்ந்துகொண்டு போகும்.
ஆடுகள்கூடச் சாய்ந்துதான் மேயும்.
அதில் ஒரு படி அள்ளி
ஒரு டயருக்குள் அடைக்க வழியில்லாமல்
இருபத்தாறு நாளாய்
என் கடை காற்று வாங்குகிறது.

கம்ப்ரசர் நாற்பது பவுண்டு வரை ஏறும்.
அப்புறம் மூச்சு வாங்கும்.
மோட்டாரில் குறையில்லை. பெல்ட் போன வருஷம் மாற்றியது.
ஹெட்டைக் கழற்றினேன்:
இரண்டாவது சிலிண்டரின் வால்வு நாக்கு
ஒரு நகக்கண் அளவு ஒடிந்திருந்தது.
ஒடிந்த துண்டு பிஸ்டன் தலையெல்லாம் கிறுக்கியிருந்தது.

புவெனஸ் அயர்ஸுக்குப் போன் போட்டேன்.
மாடல் நம்பர் சொல்லுங்கள் என்றாள் ஒருத்தி.
தகட்டில் நாலு எண்.
மூன்றாவதின் மேல் என் முன்னாள் புருஷன்
நீலப் பெயிண்டைப் பூசிவிட்டுப் போயிருக்கிறான்.
சுரண்டினால் மூன்று.
கண்ணாடி போட்டுப் பார்த்தால் எட்டு.
"மூன்று எங்களிடம் இல்லையே."
"அப்படியானால் எட்டு" என்றேன்.

எட்டு வந்தது
ஒன்பதாம் நாள், இரவு பஸ்ஸின் வயிற்றில்,
யாருடைய கல்யாணக் கேக்குக்கோ அடியில்.
இரண்டு மில்லிமீட்டர் கூடுதல்.
அடுத்த வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் போகிற ஊரில்
இரண்டு மில்லிமீட்டருக்கு யாரிடம் போய் அழ?
அரம் வைத்துத் தேய்த்தேன்.
மாட்டினேன்.
மூன்று நிமிஷம் ஓடியது.
அந்த மூன்று நிமிஷமும் நான் உட்காரவில்லை.
பிறகு அந்த நாக்கும் போயிற்று.

புதுசே வாங்கிவிடுங்கள் என்றான் கொமொதோரோக் கடைக்காரன்.
விலையைச் சொன்னான்.
"எதெல்வினா, எதெல்வினா" என்று
என் பேரை நானே கூப்பிட்டுக்கொண்டேன்,
விழுந்துவிடாமல் இருக்க.

ஒஸ்வால்தோ பியூ, கம்பளி லாரிக்காரன்,
காற்றடிக்க வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவன்,
அவன்தான் சொன்னான்:
கமரோனெஸில் ஒருத்தனிடம் இதே நீலம், இதே சத்தம்.

மூச்சு வாங்கக் கடற்கரைக்குப் போனேன்.

பெலிசாரியோ கடலடியில் சிப்பி பொறுக்கியவன்.
படகில் கம்ப்ரசர்.
அதிலிருந்து மஞ்சள் குழாய்.
குழாயின் நுனியில் அவன் வாய்.
பதினொரு வருஷம்.
இரண்டு காதும் போன பிறகு கரையேறியவன்.
கத்திக் கத்திச் சொன்னேன்.
கடைசியில் ஒடிந்த நாக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
கொட்டகைக்குக் கூட்டிப் போனான்.

அவனுடையது பெட்ரோலில் ஓடுவது. தலை ஒன்றேதான்.
தகட்டில் ஒரு பொட்டு பெயிண்ட் இல்லை.
மூன்று.

ஓட்டிக் காட்டு என்று சைகை செய்தேன்.
கயிற்றை இழுத்தான். கிளம்பியது.
கேட்காதவன் கையை ஹெட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றான்.
நின்றவனின் நெஞ்சு
அதோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது.
அது அவனுக்குத் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

விலை?
வாசலில் நின்ற பிக்கப்பைக் காட்டினான்.
இதன் நாலு சக்கரத்துக்கும் ஆயுசுக்கும் காற்று.
"யார் ஆயுசு? உன்னதா, வண்டியுடையதா?"
ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினேன்.
துருவேறிய கதவைப் பார்த்தான். தன்னையும் பார்த்துக்கொண்டான்.
"எது பிந்துகிறதோ அது" என்றான்.
கேட்காதவனோடு பேரம் பேச முடியுமா?

கேஸ்கெட்டை பிஸ்கட் அட்டையில் வெட்டினேன்,
கிரீஸ் தடவி.
எட்டு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாய் இறுக்கினேன்.
அறுபது. எண்பது. ஹோஸில் ஒரு கசிவு; அதற்குத் துணி சுற்றினேன். நூறு.
நூற்றிருபதில் தானே நின்றது.

அத்தனை அமைதியில்
கதவு தடதடவென்று ஆடியது.
யாருமில்லை. வெளியே அடிக்கிற காற்றுதான்.
"லைனில் நில்" என்றேன்.