வாகன நிறுத்துமிடம், பெரியது

எண்களை யாரும் நினைவில் வைப்பதில்லை,
அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.
ரெஜைனாவில் மூன்றாம் மாடி,
வெளியே கழித்தல் முப்பத்தொன்று,
உள்ளே நான்
வரைபடக் கட்டங்களுக்குப் பெயர் வைக்க
நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு மைல்.
எனக்கு வெகுகாலம் முன்பு
சங்கிலி இழுத்து வந்தவர்களும்
இந்தச் சமவெளியை
மைல் மைலாகத்தான் அறுத்துப் போட்டார்கள்.
அவர்கள் கோடும் என் கோடும்
ஓரிடத்திலும் பொருந்தவில்லை.
அவர்களுக்கும் முன்னால் இருந்த பெயர்கள்
இரண்டு கோட்டுக்கும் வெளியே.

நிரலுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான்:
படத்தைப் பார், இருப்பதைச் சொல்,
அறுபத்து நான்கு எழுத்துக்குள் முடி.
கிரயப் பத்திரத்தில் வருமே,
வடக்கே இன்னார் புஞ்சை,
கிழக்கே வண்டிப்பாதை, இதற்குள்பட்டது என்று,
அந்தக் குமாஸ்தாதான் என் மனதில்.
ஆனால் என் குமாஸ்தாவுக்கு
இன்னார் யாரையும் தெரியாது.

முதல் ஓட்டம்:
வயல், ஒற்றைச் சாலை.
வயல், ஒற்றைச் சாலை.
வயல், ஒற்றைச் சாலை, தானியக் கிடங்கு.
கொஞ்சம் நம்பிக்கை வந்தது.
வயல், ஒற்றைச் சாலை.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு பிள்ளைக்கும்
ஒரே பெயரை வைத்துவிட்டுக்
கூப்பிட முடியாமல் நின்றேன்.
“பொய் சொல்லவில்லையே அது” என்றான்
டாரில் ஹ்னாட்டியுக்,
டோனட் மாவைச் சட்டையிலிருந்து தட்டியபடி.
“நான் வளர்ந்த இடம் அப்படித்தான்.
வயல். ஒற்றைச் சாலை.”

அதனால்தான்
வேபர்னுக்குத் தெற்கே எட்டு மைலில்
ஒரு கட்டம் மட்டும்
‘வாகன நிறுத்துமிடம், பெரியது’ என்று வந்தபோது
சந்தோஷத்தில் சரிபார்க்காமல்
ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு தொலைபேசி.
லோர்னா ஃபெடோரக்.
குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடம்.
நேற்றிரவு பனிப்புயலில்
கைபேசி காட்டியது என்று ஒரு லாரிக்காரன்
அவர் வாசலில் வந்து நின்றானாம்,
நிறுத்துமிடம் எந்தப் பக்கம் என்றானாம்.
உள்ளே கூப்பிட்டு சூப் கொடுத்தாராம்.
“ஆனால் இங்கே அப்படி ஒன்று கிடையாது, பாருங்கள்.”

பார்த்தேன். பெரிதாக்கினேன்.
காய்ந்த தாளடிமேல்
முந்நூறு பிக்கப் வண்டிகள், வரிசை பிசகாமல்.
அவற்றின் நடுவே வேறொரு வரிசை:
அறுவடை இயந்திரம், விதைப்பான், இரண்டு டிராக்டர்,
மேசை, நாற்காலி, ஒரு கட்டில்.
டிரெய்லர் மேல் ஒருவர் கை நீட்டி நிற்கிறார்,
நிழல் அவரைவிட நீளம்.
படத்தின் தேதியை வாசித்தேன்.
ஏப்ரல் பதினெட்டு.

மறுமுனை சற்று நேரம் பேசவில்லை.
“ஓ” என்றார். “எங்கள் ஏலம்.”

பிறகு,
அவருக்குக் கைநடுக்கம் வந்த வருடம் அது,
வீட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்,
வாங்க வந்தவர்களைவிட
பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்,
காப்பி பதினொரு மணிக்கே தீர்ந்துபோனது,
நடுவில் விமானம் ஒன்று தாழப் போனது,
“அண்ணாந்து பார்த்தேன்.
நான் அதில் தெரிகிறேனா?”

கொட்டகை ஓரம் சிவப்பாக ஒரு புள்ளி.
ஆளாகவும் இருக்கலாம்,
டீசல் பீப்பாயாகவும் இருக்கலாம்.
தெரிகிறீர்கள் என்றேன்.
என் நிரல் அப்படிச் சொல்லியிருக்காது.

ஜூலையில் புதிய படம் வந்தது.
யாரும் தொடாமலே
பெயர் தானாகத் திருந்தியது.
வயல், ஒற்றைச் சாலை.
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாவது.

பெயரைச் சொல்லித் தேடினால்
இனி அது அகப்படாது.

பதினான்கு,
மூவாயிரத்து நானூற்று அறுபத்தைந்து,
ஐயாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு.
பல் துலக்கும்போதுகூட
வந்துவிடுகிறது.